தூண்டிலும் செருப்பும்

டிஸ்கி: நீளமான பதிவு. மதமாற்றம் என்ற வார்த்தையைக் கண்டாலே ரத்தக்கொதிப்பு ஏறுகிறவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரவும். திட்டு இரண்டு பக்கத்துக்கும் உண்டு.

எங்க ஊர்ப் பக்கம் கிறிஸ்தவர்களைப் பற்றி இரண்டு வசனங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று டீக்கடையில். "ஆஸ்பத்திரி கட்டறது, ஸ்கூல் கட்டறது எல்லாம் சும்மா இல்ல சார். ஆள் பிடிக்கிற தூண்டில்." இன்னொன்று கன்வென்ஷன் மேடையில், எக்கோ வைத்த மைக்கில். "நம்முடைய மிஷனரிமார் எதற்காக ஆஸ்பத்திரி கட்டினார்கள்? எதற்காகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள்? ஆத்துமாக்களைப் பிடிக்க! அந்தத் தரிசனத்தை இன்றைக்கு நாம் இழந்துபோனோம்!" உடனே கூட்டம் அல்லேலூயா போடும்.

கவனிச்சுப் பாருங்க, ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான். டீக்கடைக்காரருக்குத் தூண்டில் போட்டதில் கோபம். மேடைக்காரருக்கு மீன் குறைவாக மாட்டியதில் வருத்தம். மருத்துவமும் படிப்பும் முள்ளில் கோத்த புழு என்பதில் இருவருக்கும் சண்டையே கிடையாது. எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இருக்கிறது.

முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் "நீ எந்தக் கட்சி" என்று பின்னூட்டத்தில் குடைய வேண்டாம். ஆம்பூர்க்காரன். லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். பிழைப்பு ஷூ கம்பெனியில். "எல்லா மதமும் ஒண்ணுதான், அவரவர் வீட்டோடு வச்சுக்கட்டும்" என்று நழுவுகிற ரகம் இல்லை. மத்தேயு சுவிசேஷத்தின் கடைசியில் இயேசு சீஷர்களை எல்லா ஜாதிகளிடமும் போகச் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று நம்புகிறவன். நல்ல சேதி என்று ஒன்று கையில் இருந்தால் அதைச் சொல்லாமல் இருப்பது கஞ்சத்தனம்.

இதில் எங்கள் ஊர் முஸ்லிம்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது கூட வேலை செய்கிற பாய் ஒருத்தர், "நீங்க மூணு பேரைக் கும்பிடறீங்களே, அது எப்படிப்பா ஒண்ணு?" என்று கேட்பார். நான் தெரிந்தவரைக்கும் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பக்கத்தைச் சொல்வார். இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை, பிரியாணி மட்டும் தீர்ந்துபோகும் :-) இதையும் மதப் பிரசாரம் என்று சொன்னால், ஆமாம், இரண்டு பேரும் செய்கிறோம்.

ஆக என் சண்டை பிரசாரத்தோடு இல்லை. தூண்டிலோடு. தூண்டில் என்றால் முள் மறைந்திருக்க வேண்டும். நம்புகிறதை வெளிச்சத்தில் நின்று சொல்கிறவனிடம் மறைக்க எதுவும் இல்லை. பேதுரு மீன் பிடித்ததே வலையில்தான். சுவிசேஷங்களில் அவர் தூண்டில் போட்டதாக வருவது ஒரே ஒரு இடம், அதுவும் வரி கட்டக் காசு எடுக்க!

சரி, வேலூருக்கு வருவோம். தூண்டில் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் கையைக் காட்டுவது சிஎம்சியைத்தான்.

ஐடா ஸ்கடர் கதை தெரியாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அவருடைய குடும்பத்தார்தான் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியவர்கள். தாத்தா, பெரியப்பா, அப்பா என்று குடும்பமே மிஷனரி. ஐடாவுக்கோ இந்த வேலையே பிடிக்காது. அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890களில் திண்டிவனம் வந்தவர். ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூன்று வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண். ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது, நீ வா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பேரும் செத்துப்போனார்கள்.

இந்தக் கதையை மிஷனரி ஞாயிறு தவறாமல் மேடையில் கேட்கலாம். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். ஆனால் கதை எங்கே போய் முடிகிறது என்று யோசித்தோமா? மூன்று பெண்கள் சுவிசேஷம் கேட்காமல் செத்தார்கள் என்று ஐடா புரிந்துகொண்டிருந்தால் அவர் வேதாகமக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும். போனது மருத்துவக் கல்லூரிக்கு. கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு 1900-இல் திரும்பினார். ஒற்றை அறையில் தொடங்கி, 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஆண்களைப் படிக்கச் சேர்த்ததே 1947-இல்தான். அந்த அம்மாள் தன் விசுவாசத்தை மறைத்தவர் இல்லை. வெளிப்படையாக ஜெபித்தார், வெளிப்படையாக வேதம் வாசித்தார். அப்புறம் கை கழுவிக்கொண்டு பிரசவம் பார்த்தார்.

இப்போது டீக்கடைக்காரருக்கு ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். அன்றைக்கு இன்னும் பிரிக்கப்படாமல் இருந்த வேலூர் மாவட்டத்தில் (ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது 2019-இல்) அது மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆற்காடு மிஷன் வந்து நூற்றைம்பது வருஷம், சிஎம்சி வந்து நூறு வருஷம், ஆம்பூரில் எங்கள் மிசௌரி லுத்தரன்காரர்கள் கட்டிய பெதஸ்தா ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு வருஷம் ஆனபிறகு வந்த கணக்கு. தூண்டில் என்றால் இதைவிட உருப்படாத தூண்டில் உலகத்தில் இருக்க முடியாது. உடனே ஒருத்தர், "கணக்கில் காட்டாத கிறிஸ்தவங்க எத்தனை பேர் தெரியுமா?" என்பார். சரி, இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்க. அப்பவும் மாநில சராசரிப் பக்கம்தான் வந்து நிற்கும். அந்தக் கணக்கில் வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் இந்தப் பதிவே.

பள்ளிக்கூடத் தூண்டில் கதை இன்னும் வேடிக்கை. வேலூர் ஊரிஸ் கல்லூரி ஆற்காடு மிஷன் நடத்தியது. 1900களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மாணவர் படித்தார். அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். மிஷனரிகள் இந்து மதத்தை விமர்சித்ததைக் கேட்டு ரோஷம் வந்துதான் இந்து தத்துவத்தை ஆழமாகப் படிக்கத் தொடங்கினேன் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மிஷன் பள்ளிக்கூடங்களின் மிகப் பெரிய 'அறுவடை' வேதாந்தத்தை உலகத்துக்கே எடுத்துச் சொன்ன ஒரு குடியரசுத் தலைவர்! வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி அவர் எழுதியதைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தவர் ஏ.ஜி. ஹாக் என்கிற மிஷனரி பேராசிரியர். தன் நம்பிக்கையை மாணவன் முன் வைத்தார்கள், மாணவன் தன் நம்பிக்கையைத் தேடிப் போனான், வாத்தியார் தோளில் தட்டிக்கொடுத்தார். விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வது என்றால் எனக்கு இதுவும் அதில் சேர்த்திதான். கன்வென்ஷன் அறிக்கையில் மட்டும் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாது.

அரசியல் சட்டத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 25-ஆம் பிரிவில் மதத்தைப் 'பிரசாரம் செய்யும்' உரிமை இருக்கிறதே, அதை வைக்கலாமா கூடாதா என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் 6-ஆம் தேதி விவாதம். வைக்கலாம் என்று பேசியவர்களில் ஒருவர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவ நிறுவனங்களில் பதினான்கு வருஷம் படித்தேன், என்னை மாற்ற யாரும் முயற்சி செய்யவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். இத்தனை பேர் கிறிஸ்தவர் ஆனதற்கு ஒரு காரணம் அது கொடுத்த அந்தஸ்து, தீண்டப்படாதவர் ஒருவர் கிறிஸ்தவரானால் மேல்சாதி இந்துவுக்குச் சமமாகிவிடுகிறார் என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தின் ஓரத்தை மடித்து வையுங்கள். திரும்ப வருவேன்.

1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், உன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, இன்னொருவனை மதம் மாற்ற உரிமை இல்லை என்றது. எங்கள் ஆட்கள் இன்றுவரை அதற்காக மூக்கைச் சிந்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. சின்ன வயதில் நான் மனப்பாடம் செய்த லுத்தரின் ஞானோபதேசமே, விசுவாசம் ஒருவனுக்குச் சொந்தப் புத்தியால் வராது, அது பரிசுத்த ஆவியின் வேலை என்கிறது. என் புத்தியால் எனக்கே வராதது, என் சாமர்த்தியத்தால் அடுத்தவனுக்கு எப்படி வரும்? மாற்றுகிற வேலை என்னுடையது இல்லை என்று லுத்தர் சொன்னாலும் சரி, கோர்ட் சொன்னாலும் சரி, எனக்கு ஒன்றுதான்.

2002 அக்டோபரில் ஜெயலலிதா ஆட்சியில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது வேறு விஷயம். அது மோசமான சட்டம். மாறினவன் எவன், மாற்றினவன் எவன் என்று கலெக்டருக்குத் தகவல் போக வேண்டும். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அவரே வாபஸ் வாங்கினார். ஒரு மனுஷன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கலெக்டர் ஆபீஸில் பதிவேடு போடுவது அசிங்கம். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. 'கட்டாயம்' என்பதற்கான விளக்கத்தில், தெய்வக் கோபம் வரும் என்று மிரட்டுவதையும் சேர்த்திருந்தார்கள். அந்தச் சட்டம் நிலைத்திருந்தால் எங்கள் கன்வென்ஷன் பிரசங்கிமாரில் பாதிப் பேர் உள்ளே போயிருப்பார்கள்.

இப்போது மேடைக்காரரிடம் வருகிறேன். வீட்டுச் சண்டை என்பதால் கொஞ்சம் சத்தம் அதிகமாக இருக்கும்.

'ஊழியம்' என்று ஒரு அருமையான தமிழ் வார்த்தை. அர்த்தம் என்ன? வேலை, சேவகம். ஊழியன் என்றால் வேலைக்காரன், அரசு ஊழியர் என்கிறோமே, அது. எங்கள் ஆட்கள் கையில் அந்த வார்த்தை பட்டபாடு! இன்றைக்கு 'ஊழியக்காரர்' என்றால் ஃபிளெக்ஸ் பேனரில் கோட் போட்டுச் சிரிக்கிறவர். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் சலம் துடைக்கிற நர்ஸம்மா 'உத்தியோகத்தில்' இருக்கிறார், அவர் ஊழியக்காரர் இல்லை. கிராமத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிற டீச்சர் ஊழியக்காரர் இல்லை. மைக் பிடித்தவர் மட்டும் ஊழியக்காரர், அதுவும் 'முழுநேர'.

இன்னொரு வார்த்தை 'ஆத்தும ஆதாயம்'. ஆதாயம் என்றால் லாபம் என்று ஆம்பூரில் சின்னப் பையனுக்கும் தெரியும். பச்சைத் தோலை எண்ணிக்கையில் வாங்கி, பதப்படுத்தினதைச் சதுர அடியில் விற்று, நடுவில் நிற்பதைத்தான் இங்கே ஆதாயம் என்பார்கள். ஆத்துமாவையும் அப்படியே எண்ணுகிறார்கள். "இந்த மூன்று நாள் கூட்டத்தில் இத்தனை பேர் கை தூக்கினார்கள்." கை தூக்கினவர்களில் போன வருஷமும் தூக்கினவர் எத்தனை பேர் என்று கேட்டால் 'சந்தேக ஆவி' என்பார்கள்.

தப்லீக் ஜமாஅத்காரர்களை எங்கள் தெருக்களில் பார்த்திருக்கிறேன். படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்? முஸ்லிம் வீட்டுக் கதவை. தொழ வாங்க பாய் என்று தங்கள் ஆளைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். அவர்களோடு எனக்கு ஆயிரம் விஷயத்தில் ஒத்துவராது. ஆனால் ஆரம்பிக்க வேண்டிய இடம் எது என்பதில் தெளிவாக இருக்கிறார்கள்.

நம்மவர்கள்? ஒரு ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், எலும்பு முறிவு வார்டில் என் சொந்தக்காரர் ஒருத்தருக்குத் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், இரண்டு காலிலும் கட்டு, நெற்றியில் திருநீறு. ஒரு குழு வந்தது. பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையில் கை வைத்து ஜெபம். உரத்த சத்தத்தில். கடைசியில் தலையணை அடியில் ஒரு துண்டுப் பிரதி. அவர் எழுந்து போக முடியாது. அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "தம்பி, இவங்க ஆஸ்பத்திரி ஆளுங்களா? வேணாம்னா வைத்தியம் பாக்க மாட்டாங்களா?" எனக்குத் தலைமறைவாகிவிடலாம் போல இருந்தது. கால் உடைந்தவனுக்குச் சொல்வது பிரசங்கம் இல்லை, அது அவன் ஓட முடியாது என்பதைப் பயன்படுத்திக்கொள்வது.

எப்படிச் செய்திருக்கலாம் என்று கேட்டால் இரண்டு ஆட்களைக் காட்டுவேன், அப்பாவும் பிள்ளையும்.

அப்பா ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி ஈவ்லினோடு 1913 வாக்கில் கொல்லிமலைக்குப் போனவர். பல வருஷம் ஒரு ஆள்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மலையிலிருந்த பூசாரி ஒருவர் இவர்களை வெளிப்படையாகவே எதிர்த்தார். முதல் உலகப்போர் முடிந்த சமயம் உலகம் பூராவும் விஷக் காய்ச்சல் பரவியதே, அது மலைக்கும் ஏறியது. பூசாரிக்கும் வந்தது. பக்கத்தில் போக எல்லாரும் பயந்தபோது இந்தத் தம்பதி கஞ்சி கொண்டுபோனார்கள். சாகும்போது அந்தப் பூசாரி தன் குழந்தைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் அந்த மலையில் முதல் கிறிஸ்தவர்கள் வந்தார்கள். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் அங்கேயே செத்துப்போனார். அவருக்கு விஷயம் தெரிந்தே பயந்தே இருக்கலாம், எனக்குத் தெரியாது. கஞ்சி கொண்டுபோனார் என்பது மட்டும் தெரியும்.

பிள்ளை பால் பிராண்ட். 1940களின் கடைசியில் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளுக்கு விரலும் பாதமும் அழுகி விழுவது நோய் சதையைத் தின்பதால் என்றுதான் அதுவரை பொதுவாக நம்பினார்கள். இவர் கூடவே இருந்து கவனித்துப் பார்த்தார். வலி தெரியாததுதான் பிரச்சினை. சூடான சட்டியை வெறுங்கையால் தூக்குகிறார்கள், காலில் முள் ஏறினாலும் நடக்கிறார்கள், ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடிப்பதும் தெரியவில்லை. எலிக்கு மருந்து? வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்! மடங்கிப்போன கைக்குத் தசைநாணை மாற்றித் தைத்து விரலை நீட்டவைத்தார்.

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் செருப்புக் கதையைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். வலி தெரியாத காலுக்குச் சாதாரணச் செருப்பு எமன். ஆணி ஒன்று உள்ளே தலைநீட்டினால் போதும், நமக்குச் சுருக்கென்று தெரியும், அவருக்குத் தெரியாது, சாயங்காலம் பார்த்தால் பாதத்தில் குழி. அதனால் ஆணியே இல்லாத செருப்பு வேண்டும். அடித்தளம் பாதத்தின் பாரத்தை ஒரே இடத்தில் தாங்காமல் பரப்பிவிட வேண்டும். ரொம்ப மெத்தென்றும் இருக்கக் கூடாது, கட்டியாகவும் இருக்கக் கூடாது. பலவிதமாகச் செய்து பார்த்து நுண்துளை ரப்பரில் வந்து நின்றார்கள். எம்சிஆர் செருப்பு என்று இன்றைக்கும் தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்களே, அதன் பூர்வீகம் வேலூர். காட்பாடியைத் தாண்டி கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மையத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. உலகத்துக்கெல்லாம் நாங்கள் ஷூ தைத்து அனுப்புகிறோம். ஆனால் இந்தத் தோல் பூமியிலிருந்து போன சரக்கிலேயே உசத்தி எது என்று கேட்டால் அந்த ஆணியில்லாத செருப்பைத்தான் காட்டுவேன். தொழுநோயாளியைத் தொட்ட இயேசுவைப் பற்றி இதைவிடச் சுத்தமான தமிழில் யாரும் பிரசங்கம் செய்ததில்லை.

செருப்பு என்றதும் இன்னொரு செருப்பு ஞாபகம் வருகிறது. மடித்து வைக்கச் சொன்ன பக்கத்தைத் திறங்க.

வேலூர் வட்டாரத்தில் கிறிஸ்தவர் ஆனவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வழியாக வந்தவர்கள் இல்லை. சேரி சேரியாக, உறவு உறவாக வந்தவர்கள். தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி, சதை வழிக்கிற வேலை செய்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பதில் டி.டி.கே. சொன்னது பாதி உண்மை. மரியாதைக்கு வந்தார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உன்னையும் தேவன் தன் சாயலில் படைத்தார் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட நல்ல சேதி. மீதிப் பாதிதான் பொய். கிறிஸ்தவரானால் சமமாகிவிடுகிறார் என்றாரே, எங்கே? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பினார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் சாவு. ஒரே கோயில், ஒரே நற்கருணை. எங்கள் பக்கம் கல்லறையில் சுவர் பார்த்ததில்லை என்று சிலர் பெருமை பேசுவார்கள். பல ஊரில் சபையே ஒரு சாதிதான், சுவர் யாருக்கு?

அரசாங்கம் மட்டும் டி.டி.கே. சொன்னதை அப்படியே நம்பிவிட்டது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்கிறது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். ரோட்டோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு 1982-இல் அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பட்டியல் சாதியினருக்கு மட்டும். அதே ரோடு, அதே ஊசி, அதே நூல், ஆனால் சூசை கிறிஸ்தவர், அவருக்குக் கடை இல்லை. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985-இல் வழக்கைத் தள்ளினார்கள். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை எடுக்கச் சொன்னது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

இப்போது புரிகிறதா, கணக்கில் வராத கிறிஸ்தவர் யார் என்று? என் சித்தப்பா பையனுக்குச் சான்றிதழில் ஒரு பேர், சபையில் ஒரு பேர். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பான். கலெக்டர் ஆபீஸ் காகிதத்தில் இந்து. அவன் பொய்யன் இல்லை. காகிதத்தில் உண்மையைச் சொன்னால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவான், அங்கே நிலமும் தொழிலும் கல்வியும் உள்ள சாதிகளோடு முட்டி மோத வேண்டும், அவன் மகளுக்கு வரவேண்டிய சீட்டு போகும். சேரியில் வீடு அதேதான், டேனரியில் வேலை அதேதான், ஊர்த் தெருவில் மரியாதையும் அதேதான். டீக்கடைக்காரர் அவனைப் பார்த்து "கள்ளக் கிறிஸ்தவன்" என்கிறார். மேடைக்காரர் அவனைப் பார்த்து "மனுஷருக்கு முன்பாக அறிக்கையிட வெட்கப்படுகிறவன்" என்கிறார். மறுபடியும் இரண்டு பேரும் ஒரே கட்சி!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புது ஆட்களைப் பிடிக்கப் பந்தல் போடுகிறவர்கள், ஏற்கெனவே நம்பி வந்தவனுக்கு என்ன விலை ஆனது என்று ஒருநாளும் பேசுவதில்லை. நான் ஏறி இறங்கிய சபைகளில் பாலாறு பற்றி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை. தோல் கழிவு ஆற்றைக் கெடுத்ததற்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் பாடமாகப் படிக்கிறார்கள், 2025 ஜனவரியில் மறுபடி ஒரு தீர்ப்பு. 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேருக்கு நாம் சுவிசேஷம் சொல்லத் தவறினோம் என்று யாராவது மேடையில் அழுதால் எழுந்து போய்விடுவேன். அவர்கள் படுத்திருந்த இடம் எது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லையே, அதைச் சொல்லுங்க முதலில்.

லெந்து நாட்கள் வந்தால் மறுபடி போஸ்டர் ஒட்டுவார்கள். எழுப்புதல் பெருவிழா, மூன்று நாள், அனைவரும் வருக. தாராளமாக நடத்துங்க, அது உங்க உரிமை, யாராவது தடுத்தால் உங்களுக்காக நானும் வந்து நிற்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி நாள் ராத்திரி கீபோர்டை மெதுவாக வாசிக்கவிட்டு, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பீர்களே, அதற்கு முன்னால் அந்த 1950 ஆணையின் மூன்றாவது பத்தியை அதே மைக்கில் நிதானமாக வாசித்துவிடுங்க. கையைத் தூக்கினால் என்னென்ன போகும், அப்படிப் போனால் இந்தச் சபை உன் பக்கத்தில் எதுவரை வந்து நிற்கும் என்று சொல்லிவிட்டுக் கேளுங்க. கண்ணை மூடச் சொல்லாதீங்க. எத்தனை கை எழுகிறது என்று பார்க்க நானும் வருகிறேன், கடைசி வரிசையில் சித்தப்பா பையனோடு உட்கார்ந்திருப்பேன்.